என் அண்ணன் ஜீன்ஸ் வெளுத்த கதை

எங்கள் ஊரில் ஒருவனுடைய படம் நாலு பேர் பார்க்கும்படி வெளியே வரவேண்டும் என்றால், அவனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும், இல்லை அவன் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும், இல்லை அவன் சாகவேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், ஒரு பேண்டைப் போட்டுக்கொண்டு நின்றதற்காகவே மதுரை தெற்குமாசி வீதியில் இருபதடி போர்டில் தன் படம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவன் என் அண்ணன் சூரியபிரகாஷ். அந்த ஆசையால் எங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பொங்கல். அப்போது தைக்காத ஜீன்ஸ் என்று ஒன்று கடைகளில் வந்திருந்தது. ஒரு பாலிதீன் பைக்குள் அளவாக வெட்டிய முரட்டு நீலத்துணி, ஜிப், செம்பு நிறத்தில் குமிழ்கள், இடுப்புக்குப் பின்னால் வைத்துத் தைக்க ஒரு தோல் பட்டை, எல்லாம் இருக்கும். வாங்கிக்கொண்டுபோய் நம் ஊர் டெய்லரிடமே தைத்துக்கொள்ளலாம். தெற்குமாசி வீதியில் ‘சாய்பிரசாத் டெக்ஸ்டைல்ஸ்’ கடைக்காரர் ராமமூர்த்தி அதை விற்பதற்கு ஒரு போட்டி வைத்தார். பொங்கலுக்கு வாங்குகிறவர்கள் ஆடி மாதம் வரைக்கும் துவைக்காமல் போட்டுப் பழகவேண்டும். செங்கல் தேய்க்கக் கூடாது, பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. தானாக விழுந்த வெளுப்பு யாருடைய பேண்டில் எடுப்பாக இருக்கிறதோ, அவர் படத்தைத் தீபாவளி போர்டில் வரைந்து கடைக்கு மேலே வைப்பார்கள். விற்ற ஒவ்வொரு துணியிலும், தைத்தால் பேண்ட் பைக்கு உள்ளே வருகிற இடத்தில், கடை முத்திரை குத்தி நம்பர் எழுதிக் கொடுத்தார்.

அந்த வெளுப்புக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் ‘ஷேடு’. தொடை வெள்ளையாக, ஓரம் கருநீலமாக, முட்டிக்குப் பின்னால் கோடு கோடாக விழவேண்டுமாம். புதுத் துணியை ஆசையாக வாங்குவது, பிறகு அது எப்போது பழசாகும் என்று தவம் கிடப்பது. எனக்கு அப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் செய்கிற எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிற வயது அது.

எங்கள் டெய்லர் மருது, “நாளைக்கு ஒடம்பு போடுவல்ல” என்று சொல்லி இடுப்பை இரண்டு அங்குலம் தாராளமாகவே வைத்துத் தைத்துவிட்டார். அண்ணன் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டான். நடந்தால் சரக் சரக் என்று தகரம் உரசுகிற மாதிரி சத்தம் வரும். உட்கார்ந்து எழுந்தால் பேண்ட் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கும்.

தைத்த பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. அவனுக்கு வேலை பரவைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில். அங்கே காக்கி யூனிபாரம். வாரம் முழுக்க மில் குடியிருப்பிலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவான். ஆக, ஜீன்ஸ் போடக் கிடைப்பது வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. அதிலும் பாதி நாள் தூங்குவான். ஆனால் மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரிடமும் ‘இந்தத் தீபாவளிக்குப் போர்டுல அண்ணன்தாண்டா’ என்று சொல்லி வைத்துவிட்டான். அவர்களில் மூன்று பேர் ரோஷப்பட்டு அவர்களும் துணி வாங்கிவிட்டார்கள்.

தை மாதம் முழுக்க ஒரு நூல்கூட வெளுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செய்த வித்தைகளைப் பார்க்கவேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். மடங்குகிற இடத்தில்தான் ஷேடு விழும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளையார் கோயிலில் போய் இருநூறு தோப்புக்கரணம் போட்டான். அந்தப் பக்கம் வந்த ராக்கம்மாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, “ஒச்சாயி, ஒம்மகனுக்கு என்ன வேண்டுதல்? பொண்ணு எதுவும் பாத்துருக்கீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போகும்போதெல்லாம் அண்ணன் ஜீன்ஸைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, எங்களுக்கு ஒரு உத்தரவும் போடுவான்.

“ஏ செல்வி, அம்மா, ரெண்டு பேருக்கும் சொல்றேன். இதுல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. சோப்பு இருக்கிற திக்கையே காட்டக்கூடாது. போர்டுல என் மூஞ்சி வாரது ஒங்க கையிலதான் இருக்கு.”

“ஒன் மூஞ்சி போர்டுல வந்தா பஸ்ஸுக்காரன் பிரேக் அடிக்க மறந்துருவான்” என்றேன் நான். அம்மா மட்டும் சிரிக்காமல் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒச்சாயி. அண்ணனுக்கு உயரம் வந்தது அம்மாவிடமிருந்துதான், அப்பா காசிமாயன் அவளுடைய காதளவுதான் இருப்பார். எங்களுக்கு ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் தோட்டம், பம்ப்செட், ஒரு எருமை. அந்த வருஷம் கரும்பு போட்டிருந்தோம். கரும்புக்குள் போய்ச் சோகை உரிக்கிற வேலை இருக்கிறதே, அது மனிதர் செய்கிற வேலையில்லை. காய்ந்த தோகையை இழுக்க இழுக்க அதன் விளிம்பு ரம்பம் மாதிரி காலைக் கீறும். மேலெல்லாம் சுனை ஒட்டி அரிக்கும். போன வருஷம் வரப்பில் கருவேல முள் வேறு அம்மாவின் கெண்டைக்காலில் ஏறி, சீழ் பிடித்து, இருபது நாள் கட்டுப் போட்டுக் கிடந்தாள். ஆகவே அவள் ஆணியைப் பார்த்தது எதற்கென்று நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

மாசி மாதம் ஒரு நாள், பள்ளிக்கூடம் படிப்பு விடுமுறை விட்டிருந்தது. பதினொரு மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பம்ப்செட் ரூம் பக்கத்தில் யாரோ ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். நீலப் பேண்ட், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நான், “எவண்டா அவன், மோட்டாரைக் களவாங்க வந்தவன்” என்று கத்தப் போனேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் களவாணி இடது இடுப்பில் தண்ணிக்குடம் வைத்து, வலது கையை வீசிக்கொண்டு, ஒரு பக்கமாக ஒசிந்து நடந்தான். உலகத்தில் எந்த ஆம்பளை இடுப்பில் குடம் வைப்பான்?

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்ததும் குடத்தைத் தொப்பென்று இறக்கிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அண்ணனுடைய ஜீன்ஸ். கீழே இரண்டு மடிப்பு மடித்து, இடுப்பில் பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, மேலே அப்பாவின் சட்டை.

“கத்தாதடி. கரும்புக்குள்ள யாரு பாக்கப் போறா?” என்றாள்.

“அம்மா! அண்ணனுக்குத் தெரிஞ்சா ஒன்னையக் கொன்னே போடும்.”

“காலைப் பாரு செல்வி” என்று மடிப்பை உயர்த்திக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. சாயம் ஒட்டிக் கால் மட்டும் லேசாக நீலமாக இருந்தது. “பத்து நாளாப் போடுறேன். முள்ளு ஏறமாட்டேங்குது, சொனை ஒட்டமாட்டேங்குது. பாம்பு கடிச்சாக்கூட அதுக்குப் பல்லு போயிரும்.”

பிறகு அவள் முகம் மாறியது. சந்தோஷத்தை அடக்க முடியாத ஒரு முகம். இரண்டு கைகளையும் முன் பைகளுக்குள் விட்டுக் காட்டினாள்.

“இங்க பாருடி, பை! நாலு பை! இதுல சுண்ணாம்பு டப்பா, இதுல வெத்தலை, பின்னாடி அருவா, இன்னொண்ணு சும்மாவே கெடக்கு. இம்புட்டு நாளா இதை ஆம்பளைங்க மட்டும் வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காய்ங்க பாரேன். நமக்கு ஒரு சுருக்குப்பை, அதுவும் குனிஞ்சா விழுந்துரும்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அவளைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தொடையில் வெள்ளை விழ ஆரம்பித்திருந்தது. முட்டிக்குப் பின்னால் கோடு ஓடியிருந்தது. அண்ணன் இருநூறு தோப்புக்கரணம் போட்டும் வராத ஷேடு.

நான் பார்ப்பதைப் பார்த்து அம்மாவும் குனிந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. “அய்யய்யோ, சாயம் போயிருச்சா? வெளிச்சத்துல இப்பத்தான் பாக்குறேன். புள்ள ஆசையா வாங்குன துணியாச்சே. நாசம் பண்ணிப்புட்டேனே செல்வி.”

“நாசமா? அது இதுக்குத்தான்மா தவம் கிடக்கு. வெளுத்தாத்தான் பரிசு.”

“என்னது? வெளுக்குறதுக்கா பரிசு?”

நான் போட்டி விவரத்தை முழுக்க எடுத்துச் சொன்னேன். அதுவரைக்கும் அவள், ஜீன்ஸ் புதுசு மாறாமல் இருக்கத்தான் அண்ணன் துவைக்கவேண்டாம் என்கிறான் என்று நினைத்திருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கருநீலத்தை வாங்கி வெளுக்க வைக்க ஒரு போட்டி! இது தெரிஞ்சிருந்தா ஒங்கப்பன் வேட்டி அம்புட்டையும் அனுப்பிருப்பேனே.”

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். அவளுக்கு முள் ஏறக்கூடாது, அவனுக்குப் போர்டு வேண்டும். அண்ணனிடம் சொன்னால், ஆத்தா போட்ட பேண்டையா நான் போடுவேன் என்று அவமானப்பட்டுத் தூக்கிப் போட்டாலும் போட்டுவிடுவான். ஆகவே மூச்சு விடுவதில்லை. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய ஒரே புகார் தன் சட்டை கிழிகிறது என்பதுதான்.

அதற்குப் பிறகு அம்மா தினமும் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனதும் சேலையை மடித்துப் பம்ப்செட் ரூமில் வைத்துவிட்டு ஜீன்ஸுக்கு மாறிவிடுவாள். முதலில் அந்த எருமைதான் சம்மதிக்கவில்லை. யாரோ புது ஆள் என்று நினைத்து இரண்டு நாள் பாலை அடக்கிக்கொண்டது. அம்மா அதன் காதில் என்னமோ பேசிப் பழக்கினாள். குந்தி உட்கார்ந்து, கறவைச் செம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கறப்பாள். பிறகு தொட்டிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பாள். பிறகு கரும்புக்குள் நுழைந்தால் உச்சிப்பொழுதுக்குத்தான் வெளியே வருவாள்.

சனிக்கிழமை வந்தால் எங்களுக்குப் பரபரப்பு. ஜீன்ஸைக் கயிற்றில் போட்டு விளக்குமாற்றால் அடிப்போம். வெயிலில் காயப்போட்டு, சுனை போக உதறுவோம். வியர்வை நாற்றத்துக்கு என்ன செய்வது? அம்மா சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து, குழந்தைக்குத் தலையில் புகை காட்டுகிற மாதிரி ஒவ்வொரு காலுக்குள்ளும் புகை காட்டினாள். மடக்கிய கால்களை நீவி, ஆணியில் மாட்டி வைப்போம்.

முதல் தடவை ஷேடைப் பார்த்த அன்றைக்கு அண்ணன் போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“விழுந்துருச்சு! விழுந்துருச்சு! செல்வி, ஓடியா! தோப்புக்கரணம் வேலை செஞ்சிருச்சுடி!”

“சாமி கண்ணைத் தொறந்துருச்சுண்ணே” என்றேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் வயிறு வலித்தது.

அவன் பேண்டை முகர்ந்து பார்த்தான். “என்ன, சாம்பிராணி வாடை அடிக்குது?”

“வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டோம்ல” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவன் நம்பினான். தன்னைப் பற்றி நல்லதாக எதைச் சொன்னாலும் நம்புகிற வரம் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் போட்டாலும் போடுகிற விதத்தில் போட்டால் ஷேடு விழும் என்று மில்லில் போய்ப் பிரசங்கம் செய்தான். அதைக் கேட்டு அந்த மூன்று பேரும் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜீன்ஸை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று தோப்புக்கரணம் போட்டார்களாம். அவர்களுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

சித்திரை போனது, வைகாசி போனது. ஜீன்ஸ் வாரத்துக்கு வாரம் மெருகேறியது. ஓரமெல்லாம் இரவு நேரத்து நீலம், தொடையில் பால் வெள்ளை, நடுவே கோடுகள். எனக்கே அழகாக இருந்தது. ராக்கம்மாள் அத்தை மட்டும் ஒரு நாள் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, “என்னடி நீலம் பாஞ்சு கெடக்கு? எதுவும் கடிச்சிருச்சா?” என்று பதறி, வைத்தியரிடம் இழுத்துப்போகப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்லித் தப்பித்து ஓடிவந்தாள்.

ஆடி மாதம் முதல் ஞாயிறு போட்டி. அண்ணன் விடியற்காலையிலேயே குளித்து, ஜீன்ஸை மாட்டி, வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக் கிளம்பினான். அம்மாவும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, “நானும் வாரேன்” என்றாள். “ஒனக்கு என்னம்மா தெரியும் இதைப் பத்தி” என்றான் அண்ணன். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் மூன்று பேருமாக பஸ் ஏறினோம்.

கடையின் மாடியில் கூட்டம். பதினொரு பேர் போட்டிக்கு வந்திருந்தார்கள், மில்லிலிருந்து வந்த மூவரும் அதில் அடக்கம். அவர்களுடைய பேண்ட் மூன்றும் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே கருநீலமாக இருந்தன. நானும் அம்மாவும் ஒரு ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கடைக்காரர் ராமமூர்த்திக்கு ஐம்பது வயது இருக்கும். சௌராஷ்டிரக்காரர். அவர் வீட்டில் நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையும் இருக்கிறது. துணியைப் பார்த்தாலே அதன் ஜாதகம் சொல்லிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். முதல் ஆளின் பேண்ட் தையலை விரலால் நீவி, செங்கல் தூளை ஊதிக் காட்டி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆளை மோந்து பார்த்தே “பிளீச்சிங்” என்றார். “நீ சைக்கிள்ல போறவன், வலது காலை ஊனி எறங்குவ”, “நீ கடையில உக்காந்தே இருக்கிறவன்” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் பெஞ்சின்மேல் ஏறி நின்றதும் மாடி முழுக்க ‘ஓ’ என்றது. ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்று வந்தார். மகன் சாய்பிரசாத்தைக் கூப்பிட்டு அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னமோ சொன்னார். அவனும் குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

“தம்பி, என்ன வேலை பாக்குற?”

“மில்லுல சார்.”

“பால் கறப்பியா?”

“நானா? இல்ல சார்.”

“எல்லாருக்கும் முட்டி முன்னாடி வெளுக்கும். ஒனக்கு ரெண்டு முட்டியும் உள்பக்கம் வெளுத்திருக்கு. அதுவும் வளைவா. காலுக்கு நடுவுல செம்பை இடுக்கினாத்தான் இப்படி விழும்” என்றார். பிறகு இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு கை அகலத்துக்குப் பிறை மாதிரி வெள்ளையாக இருந்தது. “சரி, இதைச் சொல்லு. தண்ணிக்குடத்தை இடுப்புலயா சுமக்குற?”

மாடி வெடித்துச் சிரித்தது. “அவன் தோப்புக்கரணம் போடுவான் சார்” என்று மில்காரர்கள் கத்தினார்கள். அண்ணன் முகம் சிவந்துபோயிற்று. சாய்பிரசாத் பைக்குள் கைவிட்டு முத்திரையைத் திருப்பிப் பார்த்தான். நம்பர் சரியாக இருந்தது.

“பேண்ட் ஒன்னுதுதான்” என்றார் ராமமூர்த்தி. “ஷேடு ஒன்னுது இல்ல. ஆறு மாசம் இதைப் போட்டு உழைச்சது வேற ஆளு. யாருன்னு சொல்லிட்டா மரியாதையா எறங்கிப் போயிரலாம்.”

அண்ணனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. பொய்க்காரன் என்று அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கிருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எழுந்து கத்திவிடலாம் என்று பார்த்தேன். அம்மா என்னைப் பிடித்து இழுத்து, தானே எழுந்திருக்கப் போனாள். ஆனால் பாதியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். மகனுக்கு இத்தனை பேர் முன்னால் மானம் போகுமோ என்று அவளுக்குப் பயம்.

அண்ணன் குனிந்து தன் பேண்டையே பார்த்தான். ஆறு மாதத்தில் முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். வலது பையின்மேல் ஒரு வட்டம் வெளுத்திருந்தது. முழு வட்டமில்லை, ஒரு ஓரம் நசுங்கிய வட்டம். அவன் அதன்மேல் விரலை வைத்துச் சுற்றி ஓட்டினான். நசுங்கிய இடம் வந்ததும் விரல் நின்றது. அது அம்மாவின் சுண்ணாம்பு டப்பா. நான்கு வயதில் கல்லை எடுத்து அதைத் தட்டி நசுக்கியவன் அவனேதான். அதற்கு வாங்கிய அடியைக்கூட இன்றைக்கும் சொல்லுவான்.

நிமிர்ந்து எங்கள் பெஞ்சைப் பார்த்தான். அம்மா மடியில் சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். சேலைக்குக் கீழே கணுக்காலில் நீலம் தெரிந்தது. அண்ணன் அந்தக் காலைப் பார்த்தான். சாம்பிராணி, ஆணி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஓடியது. ஃபிரண்டுக்குக் கொடுத்திருந்தேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், அவன் மானம் தப்பியிருக்கும்.

“எங்கம்மா சார்” என்றான்.

அம்மா தலையைத் தூக்கினாள்.

“எங்கம்மா போட்ட ஷேடு சார் இது. நான் ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுட்டு, என்னாலதான் விழுந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தா, பச்சைச் சேலை. ஒச்சாயின்னு பேரு. எம்மா, எந்திரிச்சு வா.” சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. நான் அழுதேவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மா வந்து நின்றாள். “தப்புங்களா சார்?” என்று ராமமூர்த்தியிடம் கேட்டாள். “சோகை உரிக்கப் போட்டேன். முள்ளுக்கு நல்லாருந்துச்சு. ஆனா ஒரு நாளுகூடத் தொவைக்கலைங்க. சத்தியமாத் தொவைக்கலை. சாம்பிராணி மட்டுந்தான் காட்டுனேன்.”

ராமமூர்த்தி சுவரில் ஒட்டியிருந்த போட்டி நோட்டீஸைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். ‘அணிந்து பழகியவர்’ என்றுதான் அதில் போட்டிருந்தது. படித்து முடித்து நோட்டீஸை மடித்தார்.

“ஆம்பளைன்னு எங்கயும் எழுதலையே” என்றார். “சாயப்பட்டறையில பொறந்து வளந்தவன் நான். இம்புட்டு சுத்தமான வெளுப்பை இன்னைக்குத்தான் பாக்குறேன். போர்டு இந்தம்மாவுக்குத்தான்.”

மாடி கிடுகிடுத்தது. கை தட்டியதில் முதல் ஆள்கள் அந்த மில்காரர்கள்தான். இனிமேல் தோப்புக்கரணம் போடவேண்டாம் என்ற நிம்மதியாக இருக்கலாம்.

படம் எடுக்க ஸ்டூடியோக்காரர் தயாராக இருந்தார். அப்போதுதான் ஒரு சிக்கல். இருப்பது ஒரு ஜீன்ஸ், அதுவும் அண்ணன் இடுப்பில். அவன் துணி மாற்றும் அறைக்குள் போய்க் கழற்றித் திரைக்கு மேலே தூக்கிக் கொடுத்தான். கடையிலிருந்து ஒரு புது வேட்டியை உள்ளே வீசினார்கள். அடுத்து அம்மா உள்ளே போனாள். வெளியே வந்தபோது மடித்துவிட்ட ஜீன்ஸும் கடையில் கொடுத்த கட்டம் போட்ட சட்டையுமாக நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று முதலில் கூசினாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்து, பழக்கத்தில் இரண்டு பைக்குள்ளும் விட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், கூச்சம் போய்விட்டது.

“ரெடியாம்மா?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“இருங்க. எம்மகனும் நிக்கட்டும். ஆறு மாசமா ஆசைப்பட்ட புள்ள.”

“நான் எதுக்கும்மா வேட்டியோட?” என்று அண்ணன் பின்வாங்கினான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

புரட்டாசிக் கடைசியில் போர்டு ஏறியது. வரைந்தவர் ஆர்ட்டிஸ்ட் சுருளி. ஏற்றுகிற அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம், அப்பாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இருபதடி உயரத்தில் அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில், அவளுடைய தோளுக்குக் கொஞ்சம் பின்னால், வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன். கீழே ‘ஒச்சாயி அம்மாள், அருகில் அவர் மகன்’ என்று எழுதியிருந்தது. ரோட்டில் போன இரண்டு பொம்பளைகள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நேரே கடைக்குள் போய், “அந்தம்மா போட்டிருக்கிற மாதிரி துணி இருக்கா, வயக்காட்டுக்கு ஆகுமா?” என்று கேட்டார்கள்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “என் சட்டையைப் போட்டு எடுத்திருக்கலாம்ல” என்று குறைப்பட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிமிர்வதும் குனிவதுமாக இருந்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ரோட்டுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, ஒரு கையால் வெயிலை மறைத்து, போர்டை ஓரம் ஓரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். தன் மூக்கு சரியாக வரவில்லை என்று சண்டைக்குப் போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணே!” என்று ஏணியின் உச்சியில் இருந்த சுருளியைப் பார்த்துக் கத்தினான். “இடுப்புல ஷேடு போட்டுட்டீக, முட்டியில போட்டுட்டீக. வலது பை மேல ஒரு வட்டம் இருக்கும்ணே, அதை விட்டுட்டீகளே!”

சுருளி இறங்கி வந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார். பிரஷ்ஷை வைத்து ஒரு சுற்று இழுத்தார்.

“முழு வட்டமாப் போட்டுறாதீகண்ணே” என்று அண்ணன் கீழேயிருந்து கத்தினான். “ஒரு ஓரம் நசுங்கியிருக்கணும். நான் நசுக்குனது.”